வந்து போகும் சில நிமிடங்கள்: முதியவர்களின் குறுகிய நரம்பியல் கோளாறுகளுக்குப் பின்னால் என்ன இருக்கலாம்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் முதியவர்கள் இருக்கும் வீடுகளில் அவ்வப்போது காதில் விழும் மூன்று செய்திகளை எடுத்துக்கொள்வோம். காலையில் களியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோன தாத்தாவின் வலது கை தானாகத் தொங்கிப்போனது. பேச முயன்றபோது நாக்குக் குழறியது. கால்மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அடுப்படியில் நின்றிருந்த பாட்டி திடீரென்று ஒரே இடத்தை வெறித்துப் பார்த்தார். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. சேலைத் தலைப்பை விரலால் நிமிண்டிக்கொண்டே இருந்தார். இரண்டு நிமிடம் கழிந்தபின் எதுவும் நடக்காதவர்போல வேலையைத் தொடர்ந்தார். விடியற்காலையில் சிறுநீர் கழிக்க எழுந்துபோன பெரியப்பா வாசலிலேயே சாய்ந்தார். முகத்தில் தண்ணீர் தெளிக்கும் முன்பே கண் திறந்தார். மூன்று வீட்டிலும் அன்று மாலை சொல்லப்படும் விளக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்: வெயில், பித்தம், வயசு, இல்லாவிட்டால் பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கும். ஆனால் முதலாவது மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் நேர்ந்த அடைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டாவது மூளையின் மின்செயல்பாட்டில் நேர்ந்த வலிப்பு. மூன்றாவது ரத்த அழுத்தத்தையோ இதயத்தையோ சார்ந்தது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு, அவசரத்தின் அளவும் வேறு.

இவற்றைப் பிரித்தறிவதில் உள்ள அடிப்படைச் சிரமம், நோயாளி மருத்துவரிடம் போய்ச் சேரும்போது நோய்க்குறி எதுவும் மிஞ்சியிருப்பதில்லை என்பதுதான். அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ புறப்பட்டுப் பெரிய மருத்துவமனையை அடைவதற்குள் கை தூக்க வருகிறது, பேச்சுத் தெளிந்துவிடுகிறது, சர்க்கரையும் அழுத்தமும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன. சி.டி. ஸ்கேன் எடுத்தாலும் பெரும்பாலும் வயதுக்கேற்ற மூளையையே காட்டும். அதனால் இந்த நோய்களின் கணிப்பு கருவியைவிட அதிகமாகக் கூட இருந்து பார்த்தவரின் வாய்மொழியையே சார்ந்திருக்கிறது. எப்படித் தொடங்கியது, ஒரே நொடியில் வந்ததா அல்லது ஓரிடத்திலிருந்து பரவியதா, நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம் நீடித்தது, அப்போது நின்றிருந்தாரா உட்கார்ந்திருந்தாரா படுத்திருந்தாரா, முடிந்தபின் உடனே தெளிந்தாரா குழம்பிக் கிடந்தாரா என்ற விவரங்களுக்கு ஈடாக எந்த ஸ்கேனும் இல்லை. இந்த விவரங்களைச் சொல்லத் தெரிந்த மருமகளோ பேரனோ உடன் வருவது இந்த இடத்தில் பாதி வைத்தியத்துக்குச் சமம் என்று சொன்னால் மிகையாகாது.

முதலில் கவலைப்பட வேண்டியது, ஆங்கிலச் சுருக்கத்தில் டி.ஐ.ஏ. என்றும் பேச்சு வழக்கில் மினி ஸ்ட்ரோக் என்றும் சொல்லப்படும் தற்காலிக ரத்த ஓட்டத் தடை. கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்புப் படிவிலிருந்து உடைந்த துணுக்கோ, இதயத்தில் உறைந்த ரத்தத் துளியோ மூளையின் ஒரு கிளைக் குழாயில் போய் அடைத்துக்கொள்கிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த பகுதி செயலிழக்கிறது. பிறகு உடலின் இயல்பான கரைப்புச் செயலால் அடைப்பு கலைந்து ஓட்டம் திரும்புகிறது. இந்தியர் உள்ளிட்ட ஆசிய மக்களிடம் மண்டைக்கு உள்ளேயே இருக்கும் குழாய்கள் சுருங்குவதும் இதற்கு முக்கியமான காரணம். அறிகுறிகள் பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது குறைவு. 24 மணி நேரத்துக்குள் மறைந்தால் டி.ஐ.ஏ. என்பது பழைய வரையறை. எம்.ஆர்.ஐ. வந்தபின், அப்படி மறைந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளையில் புதிய சிறு சேதம் உண்மையிலேயே பதிந்திருப்பது தெரியவந்தது. அதன் பிறகு, 2009-இல் அமெரிக்க இதயச் சங்கமும் ஸ்ட்ரோக் சங்கமும் கடிகாரக் கணக்கைக் கைவிட்டு, மூளைத் திசுவில் நிரந்தரச் சேதம் இல்லாதிருந்தால் மட்டுமே அதை டி.ஐ.ஏ. என்று கொள்ள வேண்டும் என்றன.

வரையறை மாறியது மருத்துவர்களின் உள்விவகாரமாகத் தோன்றலாம். நோயாளிக்கு அதில் ஒரு நேரடிப் பொருள் உண்டு. தானாகச் சரியாகிவிட்டது என்பது ஆபத்து நீங்கியதற்கு அடையாளமல்ல. துணுக்கை அனுப்பிய படிவும் இதயமும் அப்படியேதான் இருக்கின்றன. உரிய சிகிச்சை இல்லாத பழைய ஆய்வுகளில், டி.ஐ.ஏ. வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு 90 நாட்களுக்குள் முழுமையான பக்கவாதம் வந்தது. அவற்றில் சுமார் பாதி முதல் 48 மணி நேரத்திலேயே நேர்ந்தன. 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த எக்ஸ்பிரஸ் ஆய்வு, காத்திருக்காமல் உடனடியாகப் பரிசோதித்துச் சிகிச்சை தொடங்கியபோது அந்த 10 சதவீதம் சுமார் 2 சதவீதமாகக் குறைந்ததைக் காட்டியது. அங்கே பயன்பட்டவை பெரும்பாலும் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின், ரத்த அழுத்த மாத்திரை போன்ற, நம் ஊர் மருந்துக் கடைகளிலும் கிடைக்கும் சாதாரண மருந்துகள்தாம். வித்தியாசத்தைக் கொண்டுவந்தது மருந்தின் விலையல்ல, எத்தனையாவது மணி நேரத்தில் தொடங்கப்பட்டது என்பதே. 'நாளைக்குச் சந்தைக்குப் போகும்போது அப்படியே டாக்டரையும் பார்த்துவிட்டு வரலாம்' என்று தள்ளிப்போடப்படும் அந்த ஒரு நாள்தான் மிக ஆபத்தான நாள்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்று ஊகிக்க மருத்துவர்கள் ஏழு மதிப்பெண் கொண்ட ஒரு கணக்கைப் போடுவதுண்டு. வயது 60-ஐ எட்டியிருந்தால் 1, முதல் பரிசோதனையில் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டிருந்தால் 1, ஒரு பக்கம் பலமிழந்தால் 2, பலமிழப்பில்லாமல் பேச்சு மட்டும் குழறினால் 1, பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 1, ஒரு மணி நேரத்தைத் தொட்டால் 2, சர்க்கரை நோய் இருந்தால் 1. மேலே சொன்ன தாத்தாவுக்கு 68 வயது, சர்க்கரை உண்டு, அழுத்தம் 150/90 என்று வைத்துக்கொண்டால் ஏழுக்கு ஆறு வருகிறது. கால்மணி நேரத்தில் எழுந்து வயலுக்குப் போய்விட்ட மனிதருக்கு இந்த எண். அதேசமயம் எண் குறைவாக வந்தால் பயமில்லை என்றும் கொள்ள முடியாது. இதயத் துடிப்பு ஒழுங்கற்றிருப்பதையோ கழுத்துத் தமனி அடைத்திருப்பதையோ இந்தக் கணக்கு பார்ப்பதே இல்லை. குறிப்பாக இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு. சிறுவயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிய பெண்களிடம் இது நம் நாட்டில் இன்னமும் காணப்படுகிறது.

இனி, டி.ஐ.ஏ. போலத் தோன்றி வேறாக இருப்பவை. இங்கே ஒரு பயனுள்ள வேறுபாடு உண்டு. ரத்தம் போகாத மூளைப் பகுதி தன் வேலையை நிறுத்துகிறது, அதனால் டி.ஐ.ஏ.வில் இழப்புதான் தெரியும்: கை வராது, பேச்சு வராது, ஒரு கண் திரை போட்டதுபோல இருண்டுவிடும். வலிப்பிலும் ஒற்றைத் தலைவலியின் முன்னறிகுறியிலும் மூளைப் பகுதி வேண்டாத வேலையைச் செய்கிறது; அதனால் துடிப்பு, வெட்டு, ஊசி குத்தும் கூச்சம், கண்ணில் மின்னும் வளைகோடு என்று இல்லாத ஒன்று கூடுதலாகத் தோன்றும். வேகமும் வேறு. டி.ஐ.ஏ.வில் முகம், கை, கால் எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் போகும். வலிப்பில் துடிப்பு விரலில் தொடங்கி நொடிக்கணக்கில் முழங்கைக்கும் முகத்துக்கும் ஏறும். ஒற்றைத் தலைவலியின் மரமரப்பு அதே பாதையைக் கடக்க பத்து, இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளும். இந்த ஒற்றைத் தலைவலி வகை முதுமையில் தலைவலியே இல்லாமலும் வரும் என்று 1980-இல் எழுதியவர் கனடாவில் பிறந்த நரம்பியல் அறிஞர் மில்லர் ஃபிஷர். கழுத்துத் தமனி அடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் உள்ள உறவை 1950-களில் நிறுவியவரும் அவர்தான். நோயாளி சொல்வதை மணிக்கணக்கில் கேட்டுக் குறித்துவைப்பவர் என்று பெயரெடுத்த ஒருவரிடமிருந்து இவை வந்ததில் வியப்பில்லை.

வலிப்பு என்றதும் கீழே விழுந்து, வாயில் நுரை தள்ளி, கை கால் இழுத்துக்கொள்ளும் காட்சியே மனதில் எழுகிறது. முதியவர்களுக்கு வரும் வலிப்பு பல சமயம் அப்படி இருப்பதில்லை. மேலே சொன்ன பாட்டியைப் போல, வெறித்த பார்வை, பதிலின்மை, வாயை மெல்லுதல், துணியை நிமிண்டுதல், பிறகு சற்று நேரக் குழப்பம் என்று ஓசையில்லாமல் வந்து போகும். இளைஞர்களுக்குச் சில நிமிடங்களில் தெளியும் அந்தக் குழப்பம் முதியவர்களுக்கு மணிக்கணக்கில் நீடிக்கவும் கூடும். மறதி நோய் தொடங்கிவிட்டதோ என்று குடும்பம் நினைத்துக்கொள்கிறது. வலிப்பு சிறுவயதில் தொடங்கும் நோய் என்பது பொதுவான நம்பிக்கை. உண்மையில் புதிதாக வலிப்பு தொடங்குவது 60 வயதுக்கு மேல் மறுபடியும் அதிகரிக்கிறது. பழைய பக்கவாதம் விட்டுச்சென்ற தழும்பே அதற்கு முதல் காரணம். கட்டி, மறதி நோய், தலைக் காயம், திடீரென்று நிறுத்தப்பட்ட குடி ஆகியவை அடுத்தவை; நம் நாட்டில் நாடாப்புழுவின் முட்டை கலந்த நீர், பச்சைக் காய்கறி வழியாக மூளையை அடையும் புழுக்கட்டியையும் இந்த வரிசையில் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வலிப்பு ஓய்ந்தபின் அதே பக்கக் கையும் காலும் சற்று நேரம் பலமிழந்து கிடப்பதும் உண்டு. 1849-இல் ராபர்ட் பென்ட்லி டாட் என்பவர் விவரித்ததால் அவர் பெயராலேயே இது டாட் வாதம் எனப்படுகிறது. வலிப்பைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லாமல், பலமிழந்த கையை மட்டும் பார்க்கும் மருத்துவர் அதைப் பக்கவாதம் என்று எண்ணிவிட எல்லா நியாயமும் உண்டு. நாக்கின் ஓரம் கடிபட்டிருப்பது, உடல் வலி, நெடுநேரக் குழப்பம் ஆகியவை வலிப்பின் பக்கம் சாய்வாகச் சாட்சி சொல்பவை. வலிப்பு இல்லாத நேரத்தில் எடுத்த, மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. இயல்பாக இருந்தாலும் வலிப்பை அது மறுத்துவிடாது. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது வலிப்பைச் சற்றும் குறைப்பதில்லை. எந்த வலிப்பும் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களில் தானே நின்றுவிடுவதால், சாவிக்கு அந்தப் பெருமை போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஒருக்களித்துப் படுக்கவைப்பதும், நிற்காமல் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐ அழைப்பதுமே செய்ய வேண்டியவை.

மூன்றாவது வகை மயக்கம். இங்கே மூளையின் ஒரு பகுதிக்கு மட்டுமல்லாமல் முழு மூளைக்கும் ரத்தம் குறைகிறது. ஆறு முதல் எட்டு நொடிகள் ஓட்டம் நின்றாலே நினைவு தப்பிவிடும். இதனால்தான் ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்படாமல் நினைவு மட்டும் தப்பிப்போனால் அதை டி.ஐ.ஏ. என்று சொல்ல மருத்துவர்கள் தயங்குகிறார்கள். நடைமுறையில் மிகுதியாகத் தவறு நேரும் இடமும் இதுதான். மயங்கி விழுந்த முதியவருக்கு மூளை ஸ்கேன் எடுத்து, அது இயல்பாக இருக்கிறது என்ற நிம்மதியோடு வீட்டுக்கு அழைத்துவந்துவிடுகிறார்கள். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20-க்கு மேலோ கீழ் அழுத்தம் 10-க்கு மேலோ இறங்கினால் அதுவே காரணமாக இருக்கக்கூடும். இதைக் கண்டுபிடிக்கத் தேவை, படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் அழுத்தம் பார்க்கும் பொறுமை மட்டுமே. புரோஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின், அழுத்தத்துக்கான பிரசோசின், சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரை, நடுக்குவாதத்துக்கான மருந்து என்று முதியவரின் மாத்திரைப் பெட்டியில் இருக்கும் பலவும் இதைத் தூண்டும். சித்திரை வெயிலில் மாந்தோப்பில் போதிய நீர் அருந்தாமல் காய் பறித்துவிட்டு வந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு எழுந்தவர் சாய்வதற்கும், விடியலில் நின்றபடி சிறுநீர் கழிப்பவர் சாய்வதற்கும் அடிப்படை ஒன்றே.

ஆனால் எந்த முன்னறிகுறியும் இல்லாமல், உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ நினைவு தப்பி, சில நொடிகளில் முகம் சிவந்து தெளிந்தால் அது இதயத்தின் மின்கடத்தல் தடைபட்டதாக இருக்கலாம். அது எளிய மயக்கமல்ல, உயிரைப் பறிக்கக்கூடியது, பேஸ்மேக்கர் வைத்தால் முற்றிலும் தீரக்கூடியதும்கூட. மயக்கத்திலும் சில வினாடிகள் கை கால் வெட்டி இழுக்கும் என்பதால், அதைப் பார்த்தவர் வலிப்பு என்று சொல்ல, வருடக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் உண்டு. மயக்கத்தில் முகம் வெளிறும், வெட்டு சில நொடிகளே இருக்கும், தெளிந்தவுடன் ஆளை அடையாளம் தெரியும்; வலிப்பில் முகம் நீலம் பாரிக்கும், இழுப்பு நிமிடக்கணக்கில் இருக்கும், தெளிவு மெல்லத்தான் வரும்.

சர்க்கரை இறங்குவதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது இந்த எல்லா வேடங்களையும் போடும். குழப்பம், வியர்வை, பிதற்றல், வலிப்பு மட்டுமல்லாமல், ஒரு பக்கக் கை கால் வராமல் அசல் பக்கவாதம் போலவே அது தோன்றும். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் எச்சரிக்கை. 54-க்குக் கீழே மூளை திணறத் தொடங்குகிறது. புரட்டாசிச் சனிக்கிழமை விரதத்தின்போது காலை மாத்திரையை வழக்கம்போல விழுங்கிவிட்டு மதியம்வரை பட்டினி கிடப்பவர்களிடமும், இரவு பசியில்லை என்று சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு இன்சுலினை மட்டும் போட்டுக்கொள்பவர்களிடமும் இது வருவதை எந்த மருத்துவரும் எதிர்பார்த்தே இருப்பார். கிளிபென்கிளமைடு போன்ற நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரைகள், சிறுநீரகம் தளர்ந்த முதியவரின் உடலில் ஒரு நாளுக்கு மேலும் தங்கிவிடும். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தெளிந்தவர் சில மணி நேரத்தில் மறுபடி சாய்வது இதனால்தான். ஆகவே அத்தகைய மாத்திரை சாப்பிடுபவரைத் தெளிந்த பின்னும் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும். இதயத்துக்காகவோ அழுத்தத்துக்காகவோ கொடுக்கப்படும் சில மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடுவதால், முன்னெச்சரிக்கை இல்லாமல் நேரே குழப்பத்தில் கொண்டுபோய் விடுவதும் உண்டு.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் இந்த ஒரு காரணத்தை அரை நிமிடத்தில் உறுதிசெய்யவோ விலக்கவோ முடியும். வீடு தேடிவந்து சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கப்பட்டது. அதன் தன்னார்வலர் ஊரிலேயே இருந்தால் கருவிக்கும் பஞ்சமில்லை. நினைவு தெளிவாக இருந்து விழுங்க முடிந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, கால்மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கலாம். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாயில் போய்விடும்.

சோடியம் குறைவதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். அழுத்தத்துக்காகக் கொடுக்கப்படும் தயசைடு வகை மாத்திரை, வாந்தி பேதி, அளவுக்கு மீறிய உப்புக் கட்டுப்பாடு ஆகியவை சேரும்போது ரத்தத்தில் 135-க்குக் குறையாமல் இருக்க வேண்டிய சோடியம் 125-க்கும் கீழே போய், முதியவர் இரவில் பிதற்றுவதும் தடுமாறுவதும் நேரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கேட்பதற்கே விசித்திரமாக இருக்கும் இன்னொன்று, சில மணி நேரத்துக்குப் புதிய நினைவுகள் பதியாமல் போகும் நிலை. 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இது வருகிறது. ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டபின் அருவியின் குளிர்ந்த நீரில் தலையைக் கொடுத்து நின்றுவிட்டு வெளியே வரும் 60 வயதுக்காரர் ஒருவர், 'நாம எப்படி இங்க வந்தோம்?' என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பதில் சொன்னதும் தலையாட்டுகிறார், ஒரு நிமிடம் கழித்து அதே கேள்வியை அதே குரலில் கேட்கிறார், மறுபடியும், மறுபடியும். தன் பெயர் தெரிகிறது, மனைவியைத் தெரிகிறது, நடை தடுமாறவில்லை, பேச்சுக் குழறவில்லை. மாலைக்குள் தெளிந்துவிடுகிறார், அந்தச் சில மணி நேரம் மட்டும் அவர் வாழ்க்கையில் வெற்றிடமாக நின்றுவிடுகிறது. திடீர்க் குளிர்நீர் அல்லது வெந்நீர்க் குளியல், கடும் உடலுழைப்பு, மனக்கொந்தளிப்பு ஆகியவற்றை அடுத்து இது வருவது உலகெங்கும் பதிவாகியிருக்கிறது. மேலே சொன்ன ஃபிஷர், ரேமண்ட் ஆடம்ஸ் என்ற சக மருத்துவரோடு சேர்ந்து இதை 1964-இல் விரிவாக எழுதினார். ஓரிரு நாள் கழித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில், நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் கடுகளவுப் புள்ளி தெரிவதுண்டு. அது ஏன் தோன்றுகிறது என்பதில் அறிஞர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை. பெரும்பாலானோருக்கு இது மறுபடி வருவதில்லை, பக்கவாத அபாயத்தைக் குறிப்பிடும்படி உயர்த்துவதுமில்லை. ஆனால் முதன்முறை வரும்போது வீட்டிலேயே இதுதான் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தூங்கி எழும்போது வருவதும், ஒரு மணி நேரத்துக்குள் முடிவதும், அடிக்கடி திரும்புவதுமாக இருந்தால் அது மறதியின் வடிவில் வரும் வலிப்பு. அதற்கு மருந்து உண்டு.

தலைசுற்றலில் பெரும்பகுதி காதிலிருந்து வருவது. படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ அறையே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால், உட்காதில் உள்ள கால்சியத் துகள்கள் இடம் மாறியதே காரணம். தலையை ஒரு குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைக்கும் எப்லி முறையில் மருந்தில்லாமலே தீரும். சுற்றலோடு இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், விழுங்கத் திணறல், நிற்கவே முடியாத தள்ளாட்டம் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அது மூளையின் பின்பகுதிக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அப்போது காது, வாயு என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை.

இந்த மாவட்டங்களில் கால் விறைத்து நடை தடுமாறினால் புளோரைடையும் நினைக்க வேண்டியிருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு கலந்த ஆழ்துளைக் கிணற்று நீரை நெடுங்காலம் குடித்தவர்களின் முதுகெலும்பும் கழுத்தெலும்பும் தடித்துத் தண்டுவடத்தை நெரிக்கக்கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. எனினும் இன்றைய எழுபது வயதுக்காரர்களின் எலும்பில் படிந்தது அதற்கு முந்தைய நீர். ஆனால் இது மாதக்கணக்கில் மெல்ல வளரும் பலவீனம். பத்து நிமிடத்தில் வந்து போகும் எதற்கும் புளோரைடைக் காரணம் காட்ட முடியாது. விறைத்த காலால் விழுந்து தலையில் அடிபடுவது மட்டும் மறைமுகமாக அடுத்த சிக்கலுக்கு இட்டுச் செல்லும்.

அந்தச் சிக்கல், மூளை உறைக்கு அடியில் மெல்லக் கசிந்து தேங்கும் ரத்தம். முதுமையில் மூளை சற்றுச் சுருங்குவதால் சிறு குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. திண்ணையில் தலை இடித்துக்கொண்டதோ, இருசக்கர வண்டியின் பின்னாலிருந்து சரிந்ததோ போதும், வாரக்கணக்கில் ரத்தம் சேர்ந்து, ஒரு நாள் பேச்சுக் குழறலாகவோ கை மரத்துப்போவதாகவோ வந்து வந்து போகும். அடிபட்டதையே எல்லோரும் மறந்திருப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கு இது இன்னும் எளிதில் நேரும். இன்னொரு வகையில், மூளையின் மேற்பரப்புக் குழாய்களில் அமிலாய்டு என்னும் புரதம் படிந்து நுண்ணிய கசிவுகள் ஏற்படுகின்றன. அப்போது கையிலிருந்து முகத்துக்கு மெல்லப் பரவும் மரமரப்பு ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வரும். இந்த இரண்டும் வெளித்தோற்றத்தில் டி.ஐ.ஏ.வை ஒத்திருக்கும், ஆஸ்பிரின் கொடுத்தாலோ இவற்றில் கசிவு பெருகும். நெஞ்சுவலிக்கு ஆஸ்பிரின் என்று கேட்டுப் பழகியவர்கள், கை வரவில்லை என்றதும் அதே மாத்திரையை வீட்டில் கொடுப்பது இதனால்தான் கூடாது. முதலில் ஸ்கேன், பிறகே ஆஸ்பிரின். அழுத்தம் ஏறியிருக்கிறது என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பதும், திணறும் மூளைக்குப் போகும் கொஞ்ச ரத்தத்தையும் குறைத்துவிடும்.

எனவே ஒரு பக்கம் பலமிழந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கண் இருண்டாலோ, அது சரியாகிக்கொண்டிருந்தாலும், 108-ஐ அழைத்து சி.டி. ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். வழியில் சரியாகாமல் அது முழு வாதமாக நின்றுவிட்டால், அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கான நான்கரை மணி நேரம் கடைசியாக நன்றாக இருந்த நொடியிலிருந்தே எண்ணப்படுகிறது. ஆகவே அந்த நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. ஓசூர்ப் பக்கத்தவர்களுக்குப் பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர். புறப்படும்போது மாத்திரை அட்டைகள் அனைத்தையும், நாட்டு மருந்துப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டுக்கொள்வது, பழைய சீட்டுகளைத் தேடுவதைவிட வேகமானது.

அங்கே செய்யப்படுபவை பெரும்பாலும் எளியவை: சர்க்கரை, சோடியம், சிறுநீரகச் செயல்பாடு, இ.சி.ஜி., தலை ஸ்கேன், கழுத்துத் தமனியின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ., இதயத்துக்கான எக்கோ ஸ்கேன். டி.ஐ.ஏ. என்று உறுதியாகி அபாயமும் மிகுதியாக இருந்தால் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து ஏறக்குறைய 21 நாட்கள் கொடுத்துப் பிறகு ஒன்றாகக் குறைப்பார்கள். இரண்டையும் விவரமறியாமல் வருடக்கணக்கில் தொடர்வது ரத்தக் கசிவைக் கூட்டும். கழுத்துத் தமனி 70 சதவீதத்துக்கு மேல் சுருங்கியிருந்தால் இரண்டு வாரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்வதே அதிகப் பலன் தரும். மேலறைத் துடிப்புக் கோளாறு என்றால் ஆஸ்பிரின் போதாது, உறைதலைத் தடுக்கும் வேறு வகை மருந்து வேண்டும். அந்தத் துடிப்பு வந்து வந்து போகும் இயல்புடையதால் ஒரே ஒரு இ.சி.ஜி.யில் அகப்படாமல் போகலாம். 24 மணி நேரமோ அதற்கும் மேலோ உடலில் மாட்டிக்கொள்ளும் ஹோல்டர் கருவியை மருத்துவர் கேட்டால், முதல் இ.சி.ஜி. நன்றாகத்தானே இருந்தது என்று தவிர்க்கக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் சிலருக்குக் காரணம் பிடிபடாது. அப்படிப்பட்டவர்களைப் பொறுத்தவரை அடுத்த முறை வரும்போது கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிமிடக் காணொளி, முகமும் இரண்டு கைகளும் தெரியும்படி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைத் தூக்கச் சொல்லி, பதில் வருகிறதா என்பது கேட்கும்படி எடுக்கப்பட்டிருந்தால், மருத்துவர் அதுவரை ஊகித்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்க்க முடியும். காரணம் தெரியும்வரை அவர் மாமரம், புளியமரம் ஏறுவதும், கிணற்றடியில் தனியே குளிப்பதும், வண்டி ஓட்டுவதும் நிறுத்தப்பட வேண்டியவை. வலிப்போ இதயத் துடிப்புத் தடையோ என்று சந்தேகம் இருந்தால், இந்தத் தடையை எப்போது நீக்குவது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.